வடசென்னைச் சுவர்கள்: கேமராவோடு ஐந்து நாள்

வெள்ளி – ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை

வடசென்னையில் காலிச் சுவர் என்று ஒன்று கிடையாது. வெள்ளை அடித்துச் சும்மா கிடப்பதுபோல் தெரிகிற சுவரின் மூலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கட்சியின் பெயர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் அம்புக்குறி, ஒரு வருஷம், பக்கத்தில் ‘ரிசர்வ்’. சுவர் போன வருஷமே புக் ஆகிவிட்டது. எழுதப்போவது இனிமேல்தான். ஒரு சுவருக்காக வெட்டு குத்து வரை போகிற கதையை சினிமாவில் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

தெருவோவியம் எடுக்க வருகிறவர்கள் இந்த மூலையை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போகிறார்கள். அது ஓவியத்தின் படம். சுவரின் படம் இல்லை. யார் வரைந்தது, யார் கொடுத்த இடம், எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் ஓரங்களில்தான் கிடக்கிறது. அதனால் இந்த ஐந்து நாளும் ஒரே வழக்கம்: ஒரு சுவருக்குக் குறைந்தது மூன்று படம். தெருவோடு சேர்த்து ஒன்று, நேர் எதிரில் நின்று ஒன்று, மூக்கு இடிக்கிற தூரத்தில் ஒன்று.

இன்றைய நடை ராயபுரம் ஸ்டேஷனில் தொடங்குகிறது. 1856-ல் திறந்த கட்டடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற மின்சார ரயில்கள் நிற்கும். அங்கிருந்து வடக்கே பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு வரை நடந்தே போகலாம்.

மே கடைசி வாரம், கத்திரி வெயில். சூரியன் காலை 5.42 வாக்கில் எழுகிறது. எட்டரைக்கு மேல் கேமராவை உள்ளே வைத்துவிடுவது உடம்புக்கும் படத்துக்கும் நல்லது. இந்த சீசனில் பலர் தப்பு பண்ணுகிற விஷயம் ஒன்று உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் சூரியன் நாள் முழுக்க வானத்தின் வடபாதியிலேயே நகர்கிறது. வடக்குப் பார்த்த சுவரில் உச்சிப் பொழுதிலும் வெயில் விழும். தெற்குப் பார்த்த சுவர் காலையிலிருந்து மாலை வரை நிழலில்தான் இருக்கும். மார்கழியில் இது தலைகீழ். ஆகவே இப்போது வருகிறவர்கள் தெற்குப் பார்த்த சுவர்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அவை எங்கும் ஓடிவிடாது. கிழக்குப் பார்த்தவற்றை முதலில் முடிக்க வேண்டும். வடக்குப் பார்த்த சுவரில் ஏழு மணிக்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும், காரையின் ஒவ்வொரு மேடும் தெரியும். சுவரின் பதம் தெரிய வேண்டுமென்றால் அந்த வெளிச்சம் வேண்டும். நிறம் சீராகப் பதிவாக வேண்டுமென்றால் நிழல் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? இருபது அடி அகலச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் என்றால் ஏறக்குறைய 19 அடி, 50 மி.மீ. என்றால் 28 அடி. சிறிய சென்சார் கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸை 18-ல் வைத்தால் 15 அடி போதும். ஃபோனின் மெயின் கேமராவுக்குச் சுலபக் கணக்கு: சுவரின் அகலத்தில் முக்கால் பங்கு. பிரச்சினை என்னவென்றால், இந்தப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் பத்தடி தள்ளி நின்றாலே முதுகு எதிர்வீட்டுத் திண்ணையில் முட்டும். உடனே ஃபோனில் 0.5-ஐ, அதாவது அகலக் கோண லென்ஸை, தட்டத் தோன்றும். தட்டாதீர்கள். ஓரத்தில் இருக்கும் முகம் பூசணிக்காய் மாதிரி இழுபடும், எழுத்தின் கால்கள் சரியும்.

அதற்குப் பதில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பக் கூடாது. ஃபோனின் பனோரமா அதைத்தான் செய்கிறது, அதனால்தான் நேர்ச் சுவர் வில்லாக வளைகிறது. சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் அடி வைத்து நகர வேண்டும். தூரம் மாறாமலிருக்க, தார் ரோட்டின் விளிம்பையோ கால்வாய் மூடியின் ஓரத்தையோ கோடாக வைத்து அதன்மேலேயே நடங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்காவது மேல்விழ வேண்டும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் முதல் படத்திலேயே லாக் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டும்போது பட்டை பட்டையாக நிறம் மாறும். எங்கே கெட்டுப்போகும் என்றால், சுவருக்கு முன்னால் தொங்கும் கேபிள் ஒயரிலும் நிறுத்திவைத்த பைக்கிலும். அவை சுவரைவிடக் கிட்டத்தில் இருப்பதால் ஒட்டும்போது இரண்டிரண்டாகத் தெரியும். தையல் விழும் இடம் வெறும் காரையாகவோ மழைநீர்க் குழாயாகவோ வருகிற மாதிரி முன்கூட்டியே பார்த்து நின்றுகொள்வது ஒன்றுதான் வழி.

வெள்ளைச் சுவரை கேமரா நம்பாது, சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்காகிற ஒரு படி) வரை கூட்டுங்கள். கருநீலமோ கருப்போ அடித்த சுவராக இருந்தால் அதே அளவு குறைக்க வேண்டும். கையில் பிடித்து எடுக்க எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கினால் காலை ஏழு மணிக்கு சரியாக வரும்.

இனி சுவர் எழுத்து. முதலில் சுண்ணாம்பு. அது காய்ந்ததும் நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார்கள். சுவரில் நேர்க்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சாக்பீஸால் எழுத்தின் எலும்பு. அப்புறம்தான் தட்டை பிரஷ். உள்ளே நிரப்புவது ஒருவர், அவுட்லைன் போடுவது இன்னொருவர். கை நிதானமானவருக்குத்தான் அவுட்லைன். கடைசியாக வலதுபக்கமும் கீழ்ப்பக்கமும் ஷேடு. கிட்டப் போய்ப் பாருங்கள்: ‘ழ’வின் வால் சுழியிலும் ‘ணை’யின் கொம்பிலும்தான் ஆளின் கை தெரியும். அச்சு எழுத்தைப் பார்த்து எழுதுகிறவர் அங்கே தயங்கியிருப்பார். பழைய ஆர்ட்டிஸ்ட் ஒரே இழுப்பில் முடித்திருப்பார். நீலக்கோடு பல இடங்களில் அழியாமல் எழுத்தின் காலடியில் மெல்லியதாகத் தெரியும். நெருங்கி எடுக்கும் மூன்றாவது படம் அதற்குத்தான்.

பொடி வண்ணத்தில் பசை கலந்து எழுதியது ஐப்பசி மழையைத் தாண்டாது. எமல்ஷன் சில வருஷம் நிற்கும். எனாமல்தான் ஏமாற்றும்: பளபளப்பாக, நிரந்தரமாகத் தெரியும், ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைத்துவிடும். கடலோரச் சுவர்களில் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. ஈரம் ஆவியாகும்போது உப்பு மேலே வந்து பூத்து, வண்ணத்தைத் தோலோடு தூக்கிவிடுகிறது. அதனால் ராயபுரத்தில் எந்த ஓவியமும் முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரைதான் முதலில் உதிர்கிறது. தலைவரின் முகம் புத்தம்புதிதாக இருக்க, வேட்டி மட்டும் செதில் செதிலாக உரிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான், எதிர்க்கட்சி இல்லை.

சனி – காசிமேடு

காசிமேட்டுக்கு வர ஏற்ற காலம், மீன் இல்லாத காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். அந்த 61 நாளில்தான் படகைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். வருஷத்தில் வேறெப்போதும் இவ்வளவு வண்ணமும் வண்ணக்காரர்களும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. சென்னையின் ஆகப் பெரிய தெருவோவியக் கூடம் எது என்று கேட்டால், சுவரோவியங்களுக்குப் பேர்போன தென்சென்னைக் குடியிருப்பான கண்ணகி நகருக்கு முன்னால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். அங்கே ஓவியர்கள் வெளியிலிருந்து வந்தார்கள், சுவரெல்லாம் ஒரு திட்டத்தில் நிறைந்தது. இங்கே திட்டம் என்று எதுவுமில்லை. ஆனால் ஆண்டுதோறும் நடக்கிறது.

பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பது முதல் வேலை. அப்புறம் உப்புத்தாள். அப்புறம் பலகை இடுக்குகளை அடைப்பது, பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கை. தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே மட்டும் பெரும்பாலும் காவிச் சிவப்பு. அது அழகுக்கு இல்லை. பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசுகிற தனி பெயிண்ட். சிவப்புக்கும் மேல் நிறத்துக்கும் நடுவில் ஓடும் கோடு படகின் முனையில் மேலேறி வளையும். அந்த வளைவைக் கையால் இழுக்கிறவரைப் பார்க்கக் கிடைத்தால் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம்.

இன்று நெருங்கிப் பார்க்க வேண்டியது உப்புத்தாள் போட்ட இடம். வட்டமாகத் தேய்த்த இடத்தில் நடுவில் மரம். அதைச் சுற்றி பிரைமரின் செங்காவி, அதைச் சுற்றி ஒரு வருஷத்துப் பச்சை, அதற்கப்பால் இன்னொரு வருஷத்து நீலம், நடுவே எப்போதோ அடித்த மஞ்சள் நூலிழை மாதிரி. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் படகின் வயது மொத்தமும் உள்ளங்கை அளவில் தெரியும். ஃபோனில் மேக்ரோ இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஓரடி தள்ளி நின்று 2x-ல் எடுத்தால் நிழல் விழாது. இது இரண்டு நாள்தான் இருக்கும். மூன்றாம் நாள் பிரைமர் ஏறிவிடும்.

முகப்பில் வேளாங்கண்ணி மாதா, முருகன், சிலுவை, பிறை, எம்.ஜி.ஆர்., இன்றைய நடிகர் என்று யாரும் இருக்கலாம். ஒரே படகில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் இருப்பார்கள். பக்கவாட்டில் பதிவெண்: ஐஎன்டி, டிஎன், 02, எம்எம், பிறகு எண். டிஎன் தமிழ்நாடு, 02 சென்னை, எம்எம் என்றால் விசைப்படகு. ஃபைபர் படகில் எம்ஓ இருக்கும். பதிவெண்ணுக்குப் பெரிதாகத் தெளிவாக எழுதினால் போதும், ஆனால் அதற்கும் ஷேடு போடாமல் விடுகிற கை இங்கே குறைவு.

எடுப்பதில் சிக்கல் இரண்டு. படகின் வயிறு வளைந்திருப்பதால் நேர் எதிர் என்று ஓர் இடமே இல்லை. முகப்பு ஓவியத்துக்கு முன்மூலையிலிருந்து 45 டிகிரியில், கேமரா ஓவியத்தின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். கரையேற்றிய படகு தலைக்கு மேல் நிற்பதால் கீழிருந்து எடுத்தால் மாதாவுக்குக் கழுத்து போய்விடும். பக்கத்துப் படகின் மேல்தளத்திலிருந்து எடுப்பது நல்லது, கேட்டுவிட்டு ஏறுங்கள். இரண்டாவது, புது எனாமலின் பளபளப்பு. லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டித் திருப்பினால் பாதி வெள்ளை போகும். வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. காலை ஏழுக்கு முன், அல்லது மேகம் மூடின நேரத்தில் போலரைசரே தேவைப்படாது.

கேமரா பையோடு போனால் முதலில் வரும் கேள்வி, “இன்னாத்துக்குப்பா போட்டோ? பேப்பரா?” என்பதுதான். “இல்லண்ணே, படகுல வரைஞ்சிருக்கிறதை எடுக்கிறேன், வரைஞ்சவர் யாருண்ணே?” என்று கேட்டால் பேச்சு ஓவியத்துக்குத் திரும்பிவிடும். வரைந்தவரே பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பெண்கள் மீன் விற்கும் பக்கம், கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். “அக்கா, எடுக்கலாமா?” என்ற ஒரு வார்த்தைக்கு “வாங்கிட்டு எடு” என்று பதில் வரலாம். நியாயம்தான்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, பெரிய துறைமுகத்தின் வேலிப்பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். அது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிற இடம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தரை ஈரம், டீசல், கயிறு. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். லென்ஸில் படிகிற உப்புத் திவலையை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும். முதலில் ஊதி, பிறகு ஈரத் துணி.

ஞாயிறு – ஜார்ஜ் டவுன்

மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் நாள் என்பதால்தான் ஞாயிறு. மற்ற நாளில் கொடவுன் தெருவிலும் மின்ட் தெருவிலும் ஷட்டரைப் பார்க்கவே முடியாது, எல்லாம் மேலே சுருட்டிக் கிடக்கும். ஹைகோர்ட் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும். வரிவரியான தகட்டில் நேர் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் விழுந்து எழுத்தை அறுத்துவிடும். எனவே நிழலில் இருக்கும் ஷட்டரை மட்டும் எடுங்கள்.

இந்தப் பக்கத்தின் அசல் சுவர்க்கலை ஓவியமே இல்லை, டைல்ஸ். மூத்திரம் போகிற மூலைகளில் பிள்ளையார், மாதா, மெக்கா மூன்றும் வரிசையாகப் பதித்த டைல்ஸ். மும்மதமும் சேர்ந்து பார்க்கும் காவல் வேலை! சில இடங்களில் அது பலித்திருக்கிறது, சில இடங்களில் இரண்டடி தள்ளிப் போயிருக்கிறார்கள். நேரே நின்றால் டைல்ஸில் எடுக்கிறவரின் முகம்தான் விழும். பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்து எடுத்து, பிறகு ஸ்னாப்சீட் ஆப்பில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி விரல்கட்டை கனத்துக்கு வளர்ந்த தூண்கள் உண்டு, கிழிந்த ஓரங்கள் அழகு. ஆனால் அதில் இருப்பது யாரோ ஒருவரின் அப்பா. முகமும் பேரும் தெரிகிற மாதிரி வெளியிடாதீர்கள்.

திங்கள் – வியாசர்பாடி, புளியந்தோப்பு

சென்ட்ரலிலிருந்து ஆவடி பக்கம் போகிற ரயிலில் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. இறங்கினதுமே நீலம் தொடங்கும்.

இங்கே அம்பேத்கர் படம் இல்லாத தெரு என்று தேடினால்தான் உண்டு. நீலக் கோட்டு, சிவப்பு டை, கண்ணாடி, இடது கையில் புத்தகம். இத்தனையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வேறுபாடு பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதில். புத்தர் இருக்கலாம், பெரியார் இருக்கலாம், அயோத்திதாசரோ இரட்டைமலை சீனிவாசனோ இருக்கலாம். அந்தத் தெருவின் அரசியல் அந்த இரண்டாவது முகத்தில் எழுதியிருக்கிறது. அம்பேத்கரை மட்டும் வெட்டி எடுத்துப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான். ஏப்ரல் 14-ஐ ஒட்டிப் பல சுவர்களில் வண்ணம் புதுப்பிப்பார்கள் என்பதால் மே மாதத்தில் நீலம் இன்னும் நீலமாகவே இருக்கும். ஃபோன் கேமரா இந்த நீலத்தை ஊதாவாக்கும். நீலம் மட்டுமே நிறைந்த ஃப்ரேமில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் குழம்பி மஞ்சளை ஏற்றிவிடுகிறது. ‘டேலைட்’ என்று மாற்றி வையுங்கள், அல்லது அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு சரிசெய்யுங்கள். ‘ரா’வில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் இது ஒரு சொடுக்கு வேலை.

புளியந்தோப்பும் பெரம்பூரும் மில் ஊர். 1918 ஏப்ரல் 27 அன்று பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கியது இந்தப் பகுதியில்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மில் 1996-ல் மூடிவிட்டது. சங்கச் சுவர் எழுத்தின் பாணி மட்டும் மூடவில்லை: வெள்ளையில் சிவப்பு, ஷேடு இல்லை, அலங்காரம் இல்லை, முழு வாக்கியமாக எழுதுவது. கட்சி எழுத்துக்கு நடுவில் இதைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம்.

அடுத்தது விளையாட்டு. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்பது வெறும் பேச்சில்லை. உலகக்கோப்பை வருஷத்தில் மஞ்சள்–பச்சையும் வெள்ளை–வெளிர்நீலமும் தெருவைப் பங்கு போட்டுக்கொள்ளும். மெஸ்ஸி, மரடோனா முகங்களுக்குக் குறைவிருக்காது. குத்துச்சண்டை அதைவிடப் பழையது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து சண்டை போட்ட ஊர் இது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியதை இன்னும் நேற்று நடந்ததுபோல் பேசுவார்கள். ஜிம் சுவர்களில் கையுறை போட்ட கறுப்பு முகம் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

முக ஓவியத்தை எப்படிப் படிப்பது? முதலில் ஓரம். பிரஷ் என்றால் விளிம்பு கத்தியால் நறுக்கினது மாதிரி இருக்கும், இழுப்பின் கடைசியில் மயிர்க்கோடுகள் பிரியும். ஸ்ப்ரே என்றால் விளிம்பைச் சுற்றிப் பவுடர் தூவினதுபோல் புள்ளிகள் இருக்கும். ஸ்ப்ரேயில் மெல்லிய கோடு போட டப்பாவின் முனையைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்து வேகமாக இழுக்க வேண்டும். கை ஒரு நொடி நின்றாலும் வழிந்துவிடும். வழிந்த இடங்களை எண்ணினாலே வரைந்தவருக்கு எவ்வளவு பழக்கம் என்று தெரியும். உள்ளூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டப்பா பெரும்பாலும் வண்டிக்கு டச்சப் செய்வதற்கானது. மெல்லியதாக இருக்கும், பளபளக்கும், ஒரு கையில் மூடாது. ஓவியத்துக்கென்றே வரும் டப்பா மேட்டாக இருக்கும், விலையும் பல மடங்கு. பளபளப்பைப் பார்த்தே பட்ஜெட்டைச் சொல்லிவிடலாம்.

அடுத்து, முகத்தைப் பெரிதாக்கிய விதம். பழைய முறை கட்டம்: ஃபோட்டோவில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. அந்தக் கட்டத்தின் சாக்பீஸ் கோடு பின்னணி நிறம் மெலிந்த இடங்களில், காதுக்குப் பக்கத்திலோ தோளுக்கு மேலோ எட்டிப் பார்க்கும். புதிய பிள்ளைகள் வேறு மாதிரி செய்கிறார்கள். சுவர் முழுக்க கிறுக்கலும் எழுத்துமாக எதையாவது நிரப்பி, அதை ஃபோனில் படமெடுத்து, அந்தப் படத்தின்மேல் ஓவியத்தை ஏற்றி, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வருகிறது, எந்த எழுத்தின்மேல் மூக்கு வருகிறது என்று பார்த்து வரைகிறார்கள். ஓவியத்தின் கீழ் ஓரத்தில் அர்த்தமில்லாத வட்டமும் சுழியும் தெரிந்தால் அது அழுக்கு இல்லை, அந்த அளவுகோல். அதையும் ஃப்ரேமில் சேருங்கள்.

வெளுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. மலிவான ஸ்டெய்னரில் (பெயிண்டில் கலக்கும் நிறத்தில்) கலந்த சிவப்பும் ரோஸும் முதலில் போகும். கருப்பும் காவியும் கடைசி வரை நிற்கும். உதடு போய் மீசை மட்டும் நிற்கிற முகங்களைப் பார்த்து எந்த வருஷத்தது என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், மேற்குப் பார்த்த சுவரானால் ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடிகிற கையெழுத்தும் செல் நம்பரும் இருக்கும். அதைத் தனியாக ஒரு படம் எடுங்கள். இது மரியாதைக்காக மட்டுமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட விலக்கு உண்டு. ஓவியம் அந்த விலக்கில் வெளிப்படையாக வரவில்லை. சுவர் தெருவில் இருப்பதால் படம் பொதுச்சொத்து என்று நினைத்துக்கொண்டு டீ-ஷர்ட்டிலும் காலண்டரிலும் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்பதென்றால் அந்த நம்பருக்கு ஒரு ஃபோன் போடுங்கள். வரைந்தவருக்கு அது அடுத்த வேலையாகக்கூட மாறலாம்.

அனுமதியின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே மாநிலச் சட்டம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒரே வாரத்தில் வெள்ளை அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் அது ஞாபகம் வரும். இரவில் எழுதப்பட்ட பெயர்கள், டேக்குகள் (ஸ்ப்ரேயில் போடும் கையெழுத்துகள்) அருகில் ஆட்கள் நின்றால் அவர்கள் முகம் விழாமல் எடுங்கள். குடியிருப்புச் சுவர் என்றால் ஃபோனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

கோடை விடுமுறை, பிள்ளைகள் தெருவில். “அண்ணா, என்னையும் எடு” என்று பத்துப் பேர் வந்து சுவரை மறைப்பார்கள். விரட்ட வேண்டாம். ஆறடி உயரமா, இருபதடி உயரமா என்பது படத்தில் தெரிய ஓர் ஆள் வேண்டும், இவர்கள் சம்பளமில்லாமல் வந்த அளவுகோல். பெற்றவர்களைக் கேட்காமல் முகம் தெரிய வெளியிடாதீர்கள், முதுகுப்பக்கம் போதும்.

செவ்வாய் – திருவொற்றியூர், எண்ணூர்

2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கடற்கரை ரோட்டுக்கு வந்தால், ஒரு பக்கம் கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. கல்லில் ஓவியம் தேடி வந்தால் ஏமாற்றம்தான். லாரியைப் பாருங்கள்.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் இந்த வரிசை மணிக்கணக்கில் நகராது. ஓடுகிற ஓவியத்தை நிற்க வைத்து எடுக்க இதைவிட நல்ல இடமில்லை. நெற்றியில் ஊர்ப் பெயர், கதவில் பூங்கொடி, பின்பலகையில் சவுண்ட் ஹார்ன், பம்பருக்குமேல் கோரைப்பல் காட்டும் திருஷ்டி முகம். எழுத்தின் பாணியே ஊரைச் சொல்லும்: நாமக்கல் பக்கத்து லாரியில் எழுத்து உருண்டு கொழுத்திருக்கும், வடக்கிலிருந்து வந்தவற்றில் கண்ணும் குஞ்சமும் கூடுதல். டிரைவர் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு நேராகக் கேமராவைத் தூக்காமல் பின்பலகையில் தொடங்குங்கள். வரிசை நகரத் தொடங்கினால் இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்கவே கூடாது. டிரெய்லரின் பின்பக்கம் இருப்பவர் டிரைவருக்குத் தெரியமாட்டார்.

வடக்கே போகப் போகத் தூசி. நிலக்கரியும் சாம்பலும் காற்றில் இருக்கிற பகுதி இது, வெளியில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் கரும்புள்ளி விழும். ஒரே லென்ஸோடு வாருங்கள். சுவர்களிலும் இதே கதைதான். வெள்ளை அடித்த மூன்றாம் மாதம் சாம்பல் நிறம், அதன்மேல் யாரோ விரலால் எழுதிய பெயர். கழுவினால் போய்விடும் என்பதால் அதை யாரும் கிராஃபிட்டி என்று எண்ணுவதில்லை. எடுத்து வையுங்கள்.

திரும்பும்போது மெட்ரோ வேண்டாம். எண்ணூரிலோ கத்திவாக்கத்திலோ பீச் போகிற மின்சார ரயிலைப் பிடித்து ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ரயில்பாதையைப் பார்த்த காம்பவுண்டு சுவர்கள் ரயிலில் போகிறவனுக்காக மட்டுமே எழுதப்பட்டவை, தெருவில் நடந்தால் அவற்றின் முதுகுதான் தெரியும். சிமெண்ட், பனியன், மூலம் பௌத்திரம், டுடோரியல். நொடியில் படிக்க வேண்டும் என்பதால் எழுத்து ஆளுயரம், வார்த்தை மூன்றுக்குமேல் இல்லை. கம்பியில் லென்ஸை ஒட்டி வைக்காதீர்கள், அதிரும். கையை உள்ளேயே வைத்து 1/1000, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஃபோகஸை முன்கூட்டியே சுவர் இருக்கும் தூரத்துக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசற்படியில் தொங்கி எடுக்க வேண்டாம். ஸ்டேஷனை நெருங்கும்போது வண்டி தானாக மெதுவாகும், அப்போது 1/500 போதும்.